'யூ மஸ்ட் கெட் டவுன் ஹியர்' என்றேன், மனிதர் ஏன் பயந்தார்?

வண்டிக்காரன், தண்டையார்பேட்டை. ஜூன் 3, இரவு 11.20

கால் டாக்சி ஓட்டுகிறேன். நேற்று ராத்திரி ஏர்போர்ட்டில் இருந்து ஒரு வெள்ளைக்காரரை ஏற்றிக்கொண்டு ராயபுரம் வந்தேன். அவர் போக வேண்டிய தெருவை முனையிலேயே தோண்டிப் போட்டிருந்தார்கள். வண்டி உள்ளே போகாது. லைட்டும் இல்லை. 'சார், யூ மஸ்ட் கெட் டவுன் ஹியர்' என்றேன். மனிதர் சீட்டோடு ஒட்டிக்கொண்டார். 'வொய்? வாட் ஹேப்பண்ட்?' என்று குரல் நடுங்குகிறது. மஸ்ட் என்றால் 'ணும்'. கெட் டவுன் என்றால் இறங்கு. இறங்கணும். இதில் என்ன தப்பு? யாராவது சொல்லுங்கள்.

மாடி வாத்தியார், ராயபுரம். ஜூன் 4, காலை 6.10

இரண்டு தப்பு. கார் என்றால் கெட் டவுன் இல்லை, கெட் அவுட். மஸ்ட் என்பது போலீஸ்காரர் வாயில் வர வேண்டிய சொல், சவாரி ஏற்றுகிறவர் வாயில் இல்லை. 'யூ கேன் கெட் அவுட் ஹியர், சார்' போதும். இல்லையென்றால் 'ஐ'ம் அஃப்ரெய்ட் யூ'ல் ஹேவ் டு கெட் அவுட் ஹியர்'.

இலக்கணம் ஒரே வரி. கேன், குட், மே, மைட், வில், வுட், ஷேல், ஷுட், மஸ்ட் எதுவானாலும் முன்னால் நிற்கும். பின்னால் வருகிற ஜோடி (கம் இன், கோ அவுட், கெட் ஆஃப்) அசையாது. நடுவில் 'டு' சேராது, 'காட்' ஆகாது, 'கெட்டிங்' ஆகாது. அவ்வளவுதான் விஷயம்.

ஜூன் 4, இரவு 9.45

வண்டிக்காரன் தம்பி திருப்பிக் கேட்டிருக்கிறார்: "வாத்தியாரே, சவாரியப் பாத்து கெட் அவுட்னு சொன்னா என் கன்னம் என்னாவறது?"

நியாயம். நம் ஊரில் கெட் அவுட் என்பது திட்டு. பள்ளிக்கூடத்தில் ஹோம்வொர்க் செய்யாமல் போனவனுக்குக் கிடைக்கிற முதல் இங்கிலீஷ். அதனால்தான் நம் ஆட்கள் அந்தச் சொல்லைத் தொடாமல் கெட் டவுன் பக்கம் ஒதுங்குகிறார்களோ என்று இன்று பகல் முழுக்க யோசித்தேன்.

தமிழில் 'எறங்கு' என்றால் ஒரு சூடு, 'எறங்குங்க' என்றால் இன்னொரு சூடு. ஒரு 'ங்க' போட்டால் கட்டளை மரியாதை ஆகிவிடுகிறது. இங்கிலீஷில் ஒட்டுவதற்கு 'ங்க' கிடையாது. திருடனுக்கும் கெட் அவுட்தான், மாமியாருக்கும் கெட் அவுட்தான். 'ங்க' செய்கிற வேலையை அங்கே முன்னால் நிற்கிற கேனும் குட்டும்தான் செய்ய வேண்டும். 'கெட் அவுட்' திட்டு. 'யூ கேன் கெட் அவுட் ஹியர்' மரியாதை. சொல் அதே சொல்தான், முன்னால் ஆள் நிற்கிறது.

காலையில் 'அவ்வளவுதான் விஷயம்' என்று எழுதியதைத் திரும்பப் பெறுகிறேன்.

ஜூன் 5, காலை 5.50

தூக்கம் வரவில்லை. இதையும் எழுதிவிடுகிறேன். மாடியில் கரும்பலகையில் முப்பது தடவை எழுதியிருக்கிறேன், ஆனால் இப்படிப் பார்த்ததில்லை.

உள்ளே, வர, லாம். மே, கம், இன்.
வெளியே, போக, ணும். மஸ்ட், கோ, அவுட்.

துண்டு துண்டாகத் தலைகீழ். கண்ணாடியில் பார்த்த மாதிரி. தமிழில் திசை முதலில் வந்து, அசைவு நடுவில் வந்து, 'லாமா ணுமா' என்பது கடைசியில் வருகிறது. இங்கிலீஷில் அந்தக் கடைசித் துண்டு முதலில் வந்துவிடுகிறது. நம் பிள்ளைகள் வாக்கியத்தின் வாலைத்தான் காது கொடுத்துக் கேட்கிறார்கள், ஏனென்றால் தமிழில் உத்தரவா அனுமதியா என்பது வாலில்தான் தெரியும். இங்கிலீஷ் வாலில் 'இன்', 'அவுட்' இவைதான் தொங்குகின்றன. 'மே கம் இன்' என்று கேட்டவன் காதில் 'கம் இன்' மட்டும் நிற்கிறது, மே பறந்துவிடுகிறது. வந்தே தீரும் என்று எடுத்துக்கொள்கிறான்.

எனக்கே மே ஒரு தடவை காலை வாரியிருக்கிறது. துறைமுகக் கதை. பிறகு எழுதுகிறேன், தண்ணீர் லாரி வந்துவிட்டது.

ஜூன் 5, இரவு 10.30

அதற்கு முன்னால் ஏறுவதும் இறங்குவதும். ஏழு பேர் கேட்டுவிட்டார்கள்.

உடம்பை வைத்து நினைவு வைத்துக்கொள்ளுங்கள். குனிந்து நுழைந்து உட்கார வேண்டும் என்றால் கெட் இன், கெட் அவுட்: கார், ஆட்டோ, ஷேர் ஆட்டோ. உள்ளே நின்று நடக்க முடியும் என்றால் கெட் ஆன், கெட் ஆஃப்: பஸ், எலெக்ட்ரிக் டிரெயின், 2021 பிப்ரவரியில் நம் பக்கம் விம்கோ நகர் வரை வந்த மெட்ரோ. காலைத் தூக்கிப் போட்டு உட்கார்ந்தால் மறுபடி ஆன், ஆஃப்: சைக்கிள், பைக், குதிரை. காசிமேட்டு ஃபைபர் படகு சின்னது, கெட் இன். கப்பல் பெரியது, கெட் ஆன்.

தமிழுக்கு இந்த வம்பே இல்லை. ஏறு, இறங்கு, இரண்டே சொல். குதிரையிலும் ஏறலாம், மெட்ரோவிலும் ஏறலாம், கடன்காரன் வீட்டுப் படியிலும் ஏறலாம்.

கெட் டவுன் தப்பே இல்லை, இந்தியா முழுக்க அப்படித்தான் சொல்கிறார்கள் என்று ஒருவர் கோபப்பட்டிருக்கிறார். ஒப்புக்கொள்கிறேன். இந்திய இங்கிலீஷில் அது நல்ல சொல்தான். நமக்குள் பேசும்போது யாரும் திருத்த வேண்டாம். ஆனால் வெளியூர்க்காரர் காதில் கெட் டவுன் என்பதற்குக் 'குனி, தரையோடு படு' என்றும் பொருள் உண்டு. இப்போது தம்பியின் காட்சியை யோசியுங்கள். ராத்திரி, லைட் இல்லாத தெரு, தோண்டிப் போட்ட பள்ளம், முன்பின் தெரியாத டிரைவர் திரும்பிப் பார்த்து 'இங்கே நீ குனிந்து படுத்தே ஆக வேண்டும்' என்கிறார். நானாக இருந்தால் பையைக் கொடுத்துவிட்டு ஓடியிருப்பேன்.

ஜூன் 6, மாலை 4.15

துறைமுகக் கதை.

நான் மாடியில் பாடம் எடுப்பது வயசான காலத்து வேலை. அதற்கு முன் இருபது வருஷத்துக்கு மேல் ஒரு கிளியரிங் ஏஜென்ட்டிடம் ஓடும்பிள்ளை. துறைமுகத்துக்கும் கஸ்டம்ஸ் ஹவுசுக்கும் பேப்பர் தூக்கிக்கொண்டு அலைவேன். 1996 வாக்கில் ஒரு சாயங்காலம் கப்பல் ஏஜென்ட் ஆபீசில் இருந்து ஒரு துண்டுச் சீட்டு வந்தது. 'தி வெசல் மே கம் இன் டுநைட்'.

மே என்றால் எனக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்றுதான். ஆறாம் வகுப்பு வாசலில் நின்று 'மே ஐ கம் இன், சார்?' என்று கத்தினேன் அல்லவா, அந்த மே. அனுமதி. கப்பலுக்கு உள்ளே வர அனுமதி கிடைத்துவிட்டது என்று படித்துவிட்டேன். ஆறு லாரிக்குச் சொல்லியனுப்பினேன். டிரைவர்களிடம் நான் சொன்ன வாக்கியம் இன்னும் நினைவிருக்கிறது: "கப்பல் இன்னிக்கு நைட்டு உள்ள வரலாம்னு சொல்ட்டாங்க."

விடிய விடிய ஆறு லாரி கேட் வாசலில். கப்பல் வெளிக்கடலில் நங்கூரம் போட்டு விளக்கை எரியவிட்டுக்கொண்டு நிம்மதியாக நிற்கிறது. காசிமேட்டுக் கரையில் இருந்து பார்த்தால் கையில் எடுத்துவிடலாம் போலத் தெரிகிறது. காலையில் ஒரு லாரி டிரைவர் என் சட்டையைப் பிடித்துக்கொண்டு கேட்டார்: "வரலாம்னா வந்தாலும் வரும்னுதான அர்த்தம்? நீ ஏன்யா வருதுன்ற மாதிரி கூப்ட்ட?"

பெரிய இலக்கணப் புலவர் அவர். நான் சொன்ன தமிழிலேயே இரண்டு அர்த்தமும் இருந்தது. மே போலவேதான் லாமும். 'உள்ளே வரலாம்' என்பது அனுமதி. 'மழை வரலாம்' என்பது ஊகம். ஒரே வால், இரண்டு வேலை. கப்பலுக்கு எது என்பது சொல்லில் இல்லை, சொல்பவர் யார் என்பதில் இருக்கிறது. அனுமதி கொடுக்கும் அதிகாரம் துறைமுகத்துக்குத்தான் உண்டு, கப்பல் ஏஜென்ட்டுக்குக் கிடையாது. அவர் மே என்று எழுதினால் அது ஊகம்தான். காத்திருப்புக் கூலியை என் சம்பளத்தில் மூன்று மாசம் பிடித்தார்கள்.

அதற்கப்புறம் மைட் என்று எழுதுகிறவர்களைக் கண்டால் எனக்குப் பாசம். 'மைட் கம் இன்' என்றால் அனுமதி என்று எவனும் படிக்க முடியாது.

ஜூன் 7, காலை 7.00

மாணவி ஒருத்தி கேட்டது: 'ஹீ கேன்ஸ் கோ அவுட்' ஏன் கூடாது? கோஸ், கம்ஸ் என்றெல்லாம் எஸ் போடுகிறோமே?

பதில் நம் வீட்டிலேயே இருக்கிறது. நான் போகணும், அவன் போகணும், அவர்கள் போகணும். 'போகணுமேன்' என்று யாராவது சொல்கிறோமா? லாம், ணும், முடியும், கூடாது எதற்கும் ஆள் விகுதி கிடையாது. கேனும் மஸ்ட்டும் அதே ஜாதகம்.

ஜூன் 7, காலை 7.40

அடி விழுந்துவிட்டது. "அப்ப மாட்டேன், மாட்டான், மாட்டாங்க எங்க போச்சு?" என்று ஒருவர். சரி. மாட்டு மட்டும் ஆளுக்கு ஆள் மாறும். மேலே எழுதியதில் அதைத் தனியாகச் சொல்லியிருக்க வேண்டும்.

ஆனால் இதைச் சொன்னவருக்கு நன்றி, ஏனென்றால் மாட்டேன் பக்கம் ஒரு புதையல் இருக்கிறது. வோன்ட். நேற்று எங்கள் வீட்டு இரும்பு கேட் பூட்டு. உப்புக் காத்து, துருப்பிடித்துவிட்டது. பேரன் சொல்கிறான்: "தாத்தா, சாவி உள்ள போவ மாட்டேங்குது." இங்கிலீஷில் 'தி கீ வோன்ட் கோ இன்'. சாவிக்கு ஏது மனசு? இரண்டு மொழியும் அதற்கு ஒரு பிடிவாதம் கொடுத்து வைத்திருக்கின்றன. தேங்காயெண்ணெய் விட்டேன், உள்ளே போனது. அப்புறம் வெளியே வர மாட்டேன் என்றது. 'நௌ இட் வோன்ட் கம் அவுட்'. மீன் முள் தொண்டையில் சிக்கினால் 'இட் வோன்ட் கோ டவுன்'. பாட்டில் மூடி 'வோன்ட் கம் ஆஃப்'.

மாடியில் இதை நடத்தினால் ஒருவரும் தப்புச் செய்வதில்லை. தமிழ் மாட்டேங்குதை அப்படியே தூக்கி முன்னால் வைத்தால் வோன்ட். பாடப் புத்தகத்தில் வில்லுக்கு எதிர்காலம் என்று மட்டும் போட்டுவிட்டு இதை விட்டுவிடுகிறார்கள்.

ஜூன் 8, இரவு 11.05

'முடிஞ்சது' பற்றி. இது நீளும்.

ஒரு பையன் வகுப்புக்குத் தாமதமாக வந்து சொன்னான்: 'எஸ்டர்டே டிரெயின் வாஸ் ஃபுல், பட் ஐ குட் கெட் ஆஃப் அட் கொருக்குப்பேட்'. எப்படியோ முட்டி மோதி இறங்க முடிஞ்சது என்கிறான். கேட்கிற வெள்ளைக்காரர் குழம்புவார். குட் என்பது அந்தக் காலத்தில் பொதுவாக இருந்த திறமைக்கு. 'சின்ன வயசில் ஓடுகிற பஸ்ஸில் ஏறுவேன்' என்பதற்கு 'ஐ குட் ஜம்ப் ஆன்' சரி. ஒரே ஒரு தடவை முயன்று நடந்ததற்கு 'ஐ வாஸ் ஏபிள் டு கெட் ஆஃப்' அல்லது 'ஐ மேனேஜ்ட் டு கெட் ஆஃப்'. முடியாமல் போயிருந்தால் மட்டும் கவலையில்லை: 'ஐ குட்ன்ட் கெட் ஆஃப்', தண்டையார்பேட்டையில் போய் விழுந்தேன். ஏன் நடக்காததற்கு மட்டும் இந்தச் சலுகை என்று அவன் கேட்டான். அவர்கள் வழக்கம் அப்படி என்றேன். திருப்தியில்லாத முகத்தோடு உட்கார்ந்தான்.

அடுத்தது இன்னும் வம்பு. 'அவர் கொருக்குப்பேட்டையில எறங்கியிருக்கணும்.' இதற்கு எத்தனை அர்த்தம்? ஆளைக் காணோம், அங்கேதான் இறங்கியிருப்பார் என்ற நிச்சயம்: 'மஸ்ட் ஹேவ் காட் ஆஃப்'. அங்கே இறங்க வேண்டியவர், இறங்காமல் விட்டுவிட்டார்: 'ஷுட் ஹேவ் காட் ஆஃப்'. (காட் ஆகாது என்று நாலாம் தேதி சொன்னேன்; நடுவில் ஹேவ் நுழைந்தால் மட்டும் ஆகும்.) ஒன்றில் இறங்கிவிட்டார், இன்னொன்றில் இறங்கவில்லை. தமிழ் எழுத்தில் வித்தியாசமே இல்லை. குரலில்தான் இருக்கிறது. அதனால்தான் பிள்ளைகள் மஸ்ட்டையும் ஷுட்டையும் மாற்றி மாற்றிப் போடுகிறார்கள். முட்டாள்தனம் இல்லை, அவர்கள் மொழியில் அது ஒரே பாத்திரம்.

நான் சொல்லித் தருகிற தந்திரம்: 'ணும்' இடத்தில் 'ப்பார்' போட்டுப் பாருங்கள். 'இறங்கியிருப்பார்' என்றாலும் பொருள் மாறவில்லையா? மஸ்ட் ஹேவ். மாறிவிட்டதா? ஷுட் ஹேவ். மிக்ஜாம் புயல், 2023 டிசம்பர், நாங்கள் மைத்துனர் வீட்டு மாடியில் மாட்டிக்கொண்டிருந்தோம். என் மனைவி ராத்திரி முழுக்க ஒரே வாக்கியம்தான்: "தண்ணி உள்ள வந்திருக்கும்." 'இட் மஸ்ட் ஹேவ் கம் இன் பை நௌ'. அந்த நேரத்தில் இலக்கணம் பேசவில்லை, பேசியிருந்தால் தண்ணீரில் தள்ளியிருப்பாள். வந்துதான் இருந்தது, முழங்கால் வரை.

ஜூன் 9, காலை 6.20

நேற்று விட்டுப்போனது. 'மாடிக்கு ஏற வேண்டாம்.' டாக்டர் மூட்டுவலிக்காரரிடம் சொன்னால் 'யூ மஸ்ட்ன்ட் கோ அப்'. பார்சல் கொண்டுவந்த பையனிடம் நான் சொன்னால் 'யூ டோன்ட் ஹேவ் டு கம் அப்'. ஏறினால் ஆபத்து என்பது ஒன்று, ஏறத் தேவையில்லை என்பது இன்னொன்று. வேண்டாம் இரண்டையும் ஏந்திக்கொள்ளும். மஸ்ட்ன்ட் ஏந்தாது.

இன்னொன்றையும் கவனித்தீர்களா? டாக்டருக்கு கோ அப், எனக்கு கம் அப். நான் மாடியில் இருக்கிறேன், டாக்டர் இல்லை.

ஜூன் 9, இரவு 10.10

மேலே போட்ட கடைசி வரியைப் பிடித்துக்கொண்டு ஒருவர் தொல்காப்பியத்துக்கே போய்விட்டார். சரியாகத்தான் போயிருக்கிறார். சொல்லதிகாரம், கிளவியாக்கம்: வருதலும் தருதலும் தன்மைக்கும் முன்னிலைக்கும் உரியவை, செல்லுதலும் கொடுத்தலும் படர்க்கைக்கு உரியவை. அதாவது உன்னிடமோ என்னிடமோ என்றால் 'வா' குடும்பம், மூன்றாம் ஆளிடம் என்றால் 'போ' குடும்பம். இங்கிலீஷ் 'கேன் ஐ கம் ஓவர்?' இதே கணக்குத்தான். நான் போகிற இடத்தில் நீ இருக்கிறாய், ஆகவே கோ இல்லை, கம். வாசலில் நின்று 'மே ஐ கோ இன்' என்று டீச்சரைக் கேட்டால் அவர் உள்ளே இல்லை என்று அர்த்தம்.

ஆனால் நம் ஊர் 'வர்ட்டா?' எந்தக் கணக்கிலும் அடங்காது. கிளம்புகிறவன் வர்ட்டா என்கிறான். 'ஷேல் ஐ கம்?' என்று மொழிபெயர்த்தால் வந்து நிற்கிறவனே வரட்டுமா என்று கேட்பது போல் இருக்கும். போறேன் என்று சொல்லக் கூடாது என்று வளர்த்துவிட்டார்கள், என்ன செய்ய. 'ட்டுமா'வுக்கு 'ஷேல் ஐ' அருமையான ஜோடி: போகட்டுமா, 'ஷேல் ஐ கோ இன்?' வர்ட்டா மட்டும் விதிவிலக்கு. அதற்கு 'ஐ'ல் பி ஆஃப் தென்'.

ஜகா வாங்குவதற்கு என்ன என்று கேட்ட விஷமக்காரருக்கு: பேக் அவுட். 'ஹீ மைட் பேக் அவுட்', ஆள் ஜகா வாங்கினாலும் வாங்குவான்.

ஜூன் 10, காலை 5.30

சின்னது. எங்கள் அப்பா கட்டுமரத்தில் போனவர். விடிகாலை மூன்று மணிக்குப் போவார், வெயில் ஏறுவதற்குள் வருவார், வலையை மணலில் விரிப்பார். போவார், வருவார், விரிப்பார். எல்லாம் எதிர்கால உருவம், ஆனால் மனிதர் இறந்து நாற்பது வருஷம்.

'ஹீ வுட் கோ அவுட் அட் த்ரீ, அண்ட் ஹீ வுட் கம் இன் பிஃபோர் தி சன் காட் ஹாட்'. வில்லின் இறந்தகால உருவம்தான் வுட். வரப்போகிற காலத்துக்கு வைத்திருக்கிற சொல்லை எடுத்துப் போன காலத்துப் பழக்கத்துக்குப் போடுவது, இரண்டு மொழியிலும். எப்படி ஒத்துப்போனது என்று தெரியவில்லை, ஆனால் இந்த வாக்கியத்தை எழுதும்போது மட்டும் எனக்கு இங்கிலீஷ் அன்னிய மொழியாகத் தெரியவில்லை.

ஜூன் 11, மதியம் 1.30

டிரைவர்களுக்கு மட்டும். 'ஐ வில் டிராப் யூ' என்று நாம் சொல்கிறோம். வெளியூர்க்காரரிடம் ஆஃப் சேர்த்துக்கொள்ளுங்கள்: 'ஐ கேன் டிராப் யூ ஆஃப்'. இல்லையென்றால் கீழே போட்டுவிடுவேன் என்று கேட்கும். யூ, ஹிம், இட் போன்றவை நடுவில்தான் உட்காரும். 'பிக் அப் யூ' இல்லை, 'பிக் யூ அப்'.

ஜூன் 12, இரவு 9.00

நாலாம் தேதி 'ங்க' பற்றி எழுதியதில் ஒரு திருத்தம். முன்னால் கேனோ வில்லோ நின்றால் எப்போதும் மரியாதை என்று நினைத்துவிடாதீர்கள். 'வில் யூ கெட் அவுட்!' என்று பல்லைக் கடித்துச் சொன்னால் வெறும் கெட் அவுட்டைவிட மோசம். நம் 'கொஞ்சம் வெளிய போறீங்களா?' மாதிரி. ங்க இருக்கிறது, ஆனால் செருப்பும் தெரிகிறது.

கேன் சத்தமும். நாம் 'கேன்' என்று அழுத்திச் சொல்கிறோம். அவர்கள் 'யூ க்ன் கெட் அவுட்' என்று விழுங்குவார்கள். அழுத்தினால் கான்ட் என்று காதில் விழ வாய்ப்பு உண்டு, முக்கியமாக அமெரிக்கர்களுக்கு. கேனை மெல்லுங்கள், அவுட்டை அழுத்துங்கள்.

வண்டிக்காரன். ஜூன் 14, இரவு 11.50

வாத்தியாரே, இன்னிக்கு இன்னொரு வெளிநாட்டு சவாரி. அதே தெரு, பள்ளம் இன்னும் மூடவில்லை. 'ஐ கான்ட் கோ இன், சார். யூ கேன் கெட் அவுட் ஹியர், ஆர் ஐ கேன் கோ ரவுண்ட்' என்றேன், நீங்கள் சொன்ன மாதிரி கேனை மென்று. சிரித்துவிட்டு 'ஐ மைட் அஸ் வெல் கெட் அவுட்' என்றார். மைட் என்றால் ஊகம் என்றீர்களே? இறங்குவாரா மாட்டாரா என்று நான் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவர் கதவைத் திறந்து இறங்கிவிட்டார்.

ஜூன் 15, காலை 6.00

மைட் அஸ் வெல் வேறு ஜாதி. 'சுத்திப் போயி என்ன ஆவப்போவுது, எறங்கித் தொலைக்கலாம்.' பார், அங்கேயும் லாம் வந்துவிட்டது. ஊகம் இல்லை, அலுப்பு. முடிவு எடுத்தாகிவிட்டது என்று அர்த்தம்.

அது கிடக்கட்டும். இருட்டில் பள்ளத்தைத் தாண்டிப் போக வேண்டியவர். பெட்டியை இறக்கிக் கொடுத்தாயா இல்லையா, அதைச் சொல்லவே இல்லையே.